ஒரு படி ராகியும் ஏழு வயல்களும்

கேள்வி: உறவினர் வீட்டிலிருந்து சென்ற பட்டத்தில் விளைந்த பழைய நாட்டு ராகி ஒரு படி கிடைத்தது. இங்கே எல்லோரும் கடையில் வாங்கும் ஒரே ரகத்தையே விதைக்கிறோம். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இதைப் பெருக்கிக் காக்க இயலுமா? அது விஞ்ஞானிகளின் வேலையல்லவா? சட்டம் குறுக்கிடுமா?
– ஒரு விவசாயி, குந்தாரப்பள்ளி

பதில்: இயலும், உங்கள் அண்டையிலேயே இயன்றும் இருக்கிறது. வனஜா ராம்பிரசாத் அம்மையார் பெங்களூரில் ஸ்தாபித்த கிரீன் ஃபவுண்டேஷன், 1990-களில் உங்கள் மாவட்டத்துத் தளிப் பக்கத்து மானாவாரிக் குடியானவர்களோடு கூடி, ராகி முதலிய தானியங்களின் நாட்டு ரகங்களைத் தேடித் திரட்டிச் சமுதாய விதை வங்கிகளை வளர்த்தது. 2004-இல் சர்வதேச ஈக்வேட்டர் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவிலோ, இரண்டு கிலோ விதை பெற்றவர் மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும் என்பதொன்றே நியமம்.

விஞ்ஞானியின் வேலை வேறு, உங்கள் வேலை வேறு. ராகிப் பூ மிக நுண்ணியது. விடியுமுன் மலர்ந்து பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வது. அதனை அயல் ரகத்தோடு கலப்பது எத்தனை பிரயாசை என்பது, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்து ‘இண்டாஃப்’ வரிசையை உண்டாக்கிய கர்நாடகத்து லட்சுமணய்யாவுக்குத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவருக்கு இடையூறாக நின்ற அதே குணம் உங்களுக்கு அனுகூலம்: பக்கத்து வயலில் கடை விதை நின்றாலும் உங்கள் ரகம் எளிதில் கெடாது. கலப்படம் நேர்வது களத்தில்தான். ஆகையால் உங்கள் நாட்டு ராகியை முதலில் தனியே அடித்து, தனியே காயவையுங்கள்.

நாற்றுவிட்டு நட்டால் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதுமாகையால், உங்கள் படி ராகி ஆளுக்குப் பத்து சென்ட் நிலத்துக்குக் காணும். ஒருவரே முழுதும் விதைத்தால், ஒரு வறட்சியில் பாட்டன் சொத்து பறிபோகும். ஏழு கொல்லைகளில் நின்றால் ஒன்றாவது தப்பும். சிறந்த விதைக்கதிரை அறுத்துக் குவித்த போரில் தேடுவது பலருக்கும் வழக்கம். எனக்கு அது சம்மதமில்லை. போரில் கொழுத்துக் கிடக்கும் கதிர், எருக்குழியோரம் நின்ற செடியின் அதிர்ஷ்டமாக இருக்கலாம். பயிர் நிற்கும்போதே நடு வயலில் நடந்து, சாயாத தண்டும் நோயற்ற தாளும் ஒரே சமயத்தில் முற்றும் கதிர்விரல்களும் உடைய செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டி, அவற்றை மட்டும் முன்னதாக அறுத்துக்கொள்ளுங்கள். வருஷாவருஷம் எழுவரும் ஒருவர் வயலை மற்றவர் பார்த்து இவ்வாறு செய்வதே குடியானவன் செய்யும் பயிர்ப்பெருக்கம். சந்தேகம் வந்தால் பையூர் ஆராய்ச்சி நிலையம் தூரமில்லை.

சட்டத்துக்கு அஞ்ச வேண்டாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பிறரோடு பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை வழங்கியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பொட்டலமிட்டு முத்திரைப் பெயரோடு விற்பதுதான் விலக்கு. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடித்துப் போகையில், துண்டில் கொஞ்சம் ராகி முடிந்து கொண்டுபோய் மாற்றி வந்தால் உங்களை எவரும் கேட்க முடியாது.