சினை பிடிக்காத மாட்டுக்குச் சீட்டு இல்லாமல் ஊசி வாங்கலாமா?

கன்று ஈன்று நான்கு மாதம் ஆகியும் பசு பருவத்துக்கு வரவில்லை. அல்லது மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு இது பெரிய கவலைதான். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போயிற்று. அடுத்த ஈத்தும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகிறது. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் மாடானால் 168 லிட்டர் பால். லிட்டர் 35 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 5,880 ரூபாய். தீவனச் செலவோ நிற்பதில்லை.

இந்தக் கவலையில்தான் சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு டாக்டர் போட்ட ஊசியின் காலிக் குப்பியைக் கைபேசியில் படம் பிடித்துக் கொள்வது, அதே மருந்தை ஆன்லைனில் வரவழைப்பது அல்லது டவுன் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குவது, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டுவிடுவது என்று காரியம் நடக்கிறது. "அந்த மாட்டுக்குப் பிடித்தது, இதற்கும் பிடிக்கும்" என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஒரு மாட்டைச் சினைக்குக் கொண்டு வந்த அதே மருந்து, இன்னொரு மாட்டின் வயிற்றில் இருக்கும் கன்றைக் கலைத்துவிடும். இது எப்படி என்பதை மாடு வளர்ப்போர் தெரிந்துகொள்வது நல்லது.

பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். பருவம் முடிந்து கருமுட்டை வெளியானதும், அது இருந்த இடத்தில் சினைப்பையின் மேல் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று உண்டாகிறது. இது நோய்க் கட்டி அன்று; இயற்கையாக வருவது. இந்தக் கட்டி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, அடுத்த பருவம் வராமல் தடுத்து வைக்கிறது. மாடு சினைப்படவில்லை என்றால் சுமார் 16, 17 நாள் கழித்துக் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து இந்தக் கட்டியைக் கரைத்துவிடும். தடை நீங்கி மாடு மறுபடியும் பருவத்துக்கு வரும். மாடு சினைப்பட்டிருந்தால் கட்டி கரையாது. கரு கருப்பையில் தங்கி வளர்வதே அந்தக் கட்டியின் பலத்தில்தான்.

"பருவத்துக்கு வர வைக்கும் ஊசி" என்று மக்கள் பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்தையே. டைனோபிராஸ்ட், குளோப்ரோஸ்டினால் என்ற பெயர்கள் குப்பியில் அச்சாகியிருக்கும். சினை இல்லாத மாட்டில், முதிர்ந்த மஞ்சள் கட்டி இருக்கும் நாளில் போட்டால், இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் மாடு பருவத்துக்கு வரும். நல்ல மருந்துதான்; டாக்டர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். ஆனால் சினை மாட்டில் போட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். கட்டி கரையும், கரு வெளியே வரும். சினைக்கும் சும்மா இருக்கும் மாட்டுக்கும் அந்த மருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

மாடு பருவத்துக்கு வராமல் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முதலாவதாகக் கேட்க வேண்டியது, மாடு ஏற்கெனவே சினையோ என்பதே. போன முறை போட்ட சினை ஊசி பிடிக்கவில்லை என்று வீட்டார் முடிவு கட்டியிருப்பார்கள், பிடித்திருக்கும். சினைப்பட்ட பிறகும் சில பசுக்கள் பருவ அறிகுறி காட்டுவதுண்டு, அதைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். மேய்ச்சலில் கோயில் காளையோ ஊர்க் காளையோ சேர்ந்தது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். சந்தையில் வாங்கி வந்த மாடானால் அதன் பூர்வோத்தரம் தரகருக்குக்கூடத் தெரியாது. இப்படிப்பட்ட மாட்டுக்கு நாலாவது மாதத்தில் ஊசி போட்டால் கன்று போகும். போன நாலு மாதத்தோடு, கருப்பை தேறுவதற்கு மேலும் இரண்டு மாதம் சேர்த்தால் அரை வருடம் வீண். நஞ்சுக்கொடி தங்கிப் புண்ணாகிவிட்டால் அந்த மாடு மறுபடி சினை பிடிப்பதே சந்தேகம்.

டாக்டர் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்ப்பது இதற்குத்தான். சினை ஊசி போட்டு இரண்டு மாதம் ஆன மாட்டில், சினையா இல்லையா என்பதைப் பழகிய கை சில நிமிடத்தில் சொல்லிவிடும். ஸ்கேன் கருவி இருக்கும் இடங்களில் 30 நாளிலேயே தெரிந்துவிடும். சினைப்பையில் கட்டி இருக்கிறதா, எந்தப் பருவத்தில் இருக்கிறது, கருப்பையில் சீழ் உண்டா என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிகிறது. குப்பியைப் படம் பிடித்து அனுப்பும் கைபேசிக்கு இது எதுவும் தெரியாது.

சினை இல்லாத மாடென்றாலும் ஊசி வீணாகும் சந்தர்ப்பங்கள் அதிகம். பருவம் முடிந்த முதல் ஐந்து நாளில் இந்த மருந்து வேலை செய்யாது. கட்டி அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், தீவனக் குறைவால் மெலிந்த மாடு. இவற்றின் சினைப்பை சிறுத்து, வேலை நிறுத்தி நிற்கும். அங்கே கட்டியே இல்லாதபோது எதைக் கரைப்பது? ஐந்நூறு ரூபாய் ஊசியும் வெறும் தண்ணீரும் ஒன்றுதான். கோடை முடிந்து விலா எலும்பு தெரிய நிற்கும் மாடுகளில் பலவும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை.

மற்ற ஹார்மோன்களும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் வகை ஊசி போட்டால் மாடு கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், பார்ப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் கருமுட்டை வெளியாகாது. அந்தப் பொய்ப் பருவத்தில் சினை ஊசி போட்டுப் பயனில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி வேறு வந்து சேரலாம். கருப்பையில் சீழ் உள்ள மாட்டுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்தால், கருப்பையின் வாய் மூடி, நோயை எதிர்க்கும் சக்தியும் குறைந்து, சீழ் உள்ளேயே பெருகும். சினைமாக் குதிரையின் சீரத்திலிருந்து எடுக்கும் ஹார்மோனை அளவு தெரியாமல் போட்டால் ஒன்றுக்கு மேல் கருமுட்டை வந்து இரட்டைக் கன்று தங்கலாம். இரட்டைக் கன்று லாபம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: காளைக் கன்றோடு ஒரே வயிற்றில் பிறக்கும் கிடேரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடாகவே போகும். பெண்களுக்கு மகப்பேறு டாக்டர்கள் கொடுக்கும் க்ளோமிஃபீன் மாத்திரையும் மாட்டுக்குப் பயன்படுவதுண்டு. பெண்களுக்கே ஸ்கேன் பார்த்து அளந்து கொடுக்கும் மருந்து அது. சினைப்பை வீங்குவதும் இரட்டைக் கரு தங்குவதும் அதில் உண்டு. மாட்டுக்கென்றோ மனிதருக்கென்றோ அதைத் தாமாக வாங்கி வைப்பது சரியன்று.

மாட்டை விட்டு மனிதருக்கு வருவோம் என்றால், புரோஸ்டாகிளாண்டின் குப்பி வீட்டிலுள்ள பெண்களுக்கே ஆபத்தானது. இந்த மருந்து தோல் வழியாக உடம்புக்குள் போகக்கூடியது. கர்ப்பிணியின் கையில் சிந்தினாலோ, ஊசி தவறிக் குத்தினாலோ கரு கலையும் அபாயம் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் வரும். கர்ப்பிணிகளும், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் இதைக் கையாளுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று மருந்தின் உறைத் தாளிலேயே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. கட்டுத்தறியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். கூரியரில் வந்த மருந்தைச் சமையலறை மாடத்தில் வைப்பதும், காலிக் குப்பியைக் குழந்தைகள் எடுத்து விளையாடுவதும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. மருந்து கையில் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சு முட்டினாலோ, பட்டவர் கர்ப்பிணியானாலோ, குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 1945-ஆம் ஆண்டின் விதிகளும் எச் அட்டவணையில் சேர்த்திருக்கும் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் சில்லரையில் விற்கக் கூடாது. பெட்டியில் ஆர்எக்ஸ் என்ற குறி இருந்தால் அது சீட்டுக்கு மட்டும் உரிய மருந்து. கால்நடை மருந்தானால் மாட்டுத் தலைப் படமும், மனிதருக்கு அன்று, கால்நடைச் சிகிச்சைக்கு மட்டும் என்ற வாசகமும் இருக்கும். இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984-ஆம் ஆண்டு வந்தது. அதன்படி பதிவு பெற்ற கால்நடை டாக்டரே சிகிச்சை செய்யவும் மருந்து எழுதவும் உரிமை உள்ளவர்.

ஆன்லைனில் வரும் மருந்தில் மற்றொரு சிக்கல், அது வந்த வழி. சீரம் ஹார்மோன், ஆக்சிடோசின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூன்று நாள் மூட்டைக்குள் கிடந்து வந்த குப்பியில் மருந்தின் வீரியம் எவ்வளவு மிச்சம் என்று பார்வைக்குத் தெரியாது. ரசீதில் தொகுதி எண்ணும் விற்றவரின் உரிம எண்ணும் இல்லாவிட்டால் போலி மருந்து என்று புகார் சொல்லவும் வழியில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மாடு ஏன் சினை பிடிக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். ஊசி தேவைப்படாத மாடுகளே ஏராளம். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்று சொல்லப்படும் மாடுகளில் பலவற்றுக்கு நேரம் தவறியிருக்கும். பருவம் 12 முதல் 18 மணி நேரமே இருக்கும்; அது முடிந்து 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியாகிறது. ஆகவே காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு அன்று மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். கண்ணாடி போன்ற சளி தொங்கியது எப்போது, கத்தியது எப்போது என்று தெரியாமல் "நேற்றிலிருந்து" என்று சொன்னால் ஊசி போடுபவர் என்ன செய்வார்? சளி வெள்ளையாகவோ சீழ் கலந்தோ இருந்தால் அன்று சினை ஊசியே போடக் கூடாது. முதலில் கருப்பைக்கு வைத்தியம்.

எருமையின் விஷயம் இன்னும் சூட்சுமம். அது கத்தாமல், தாவாமல் ஊமைப் பருவமாகவே போய்விடும். கோடையில் பருவம் வருவதே குறையும். இரவிலும் விடியற்காலையிலும் கவனித்து, பகலில் இரண்டு மூன்று முறை உடம்பில் தண்ணீர் ஊற்றி, குட்டையில் புரள விட்டு வந்தால் பல எருமைகள் மருந்தில்லாமலே பருவம் காட்டும்.

பருவமே வராத மெலிந்த மாட்டுக்குத் தீவனமே மருந்து. குடற்புழு நீக்கி, தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையை அடர் தீவனத்தில் சேர்த்து, பசுந்தீவனமும் போட்டு வர வேண்டும். மாதவரத்தில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஊசியைப் போல் மூன்றாம் நாள் தெரியாது. எடை கூடாத கலப்பினக் கிடேரிக்கு ஊசி போட்டுப் பருவத்துக்குக் கொண்டு வருவதும் தவறு. சுமார் 250 கிலோ எடை வந்த பிறகே அது சினைக்குத் தயார்.

டாக்டரிடம் போகுமுன் ஒரு நோட்டில் நாலு தேதி எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது: கன்று ஈன்ற தேதி, பருவம் கண்ட தேதிகள், சினை ஊசி போட்ட தேதிகள், நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா என்பது. கன்று ஈன்று இரண்டு மாதத்துக்குள் பருவம் வரவில்லை என்றாலோ, மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றாலோ காட்டிவிட வேண்டும். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இல்லாத ஊர்க்காரர்கள் 1962 என்ற எண்ணுக்குப் பேசி நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

ஏற்கெனவே தாமாக ஊசி போட்டுவிட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. எந்த ஊசி, எந்தத் தேதி, எத்தனை மில்லி என்று சொல்லி, காலிக் குப்பியையும் காட்ட வேண்டும். மாடு கரு கலைத்திருந்தால் அதையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாய் இழுக்காதபடி ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கரு கலைந்தது ஊசியால்தான் என்று தாமாக முடிவு கட்டிவிடவும் கூடாது. மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா நோயாலும் ஐந்து மாதத்துக்கு மேல் சினை கலைவதுண்டு. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.