ஊதியம் வேண்டாமல் ஊதிய இசை



இசைக்கருவிகளை நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காக வகுத்தனர். இவற்றுள் துளைக்கருவி என்பது மூச்சுக்காற்றால் ஒலிப்பது. புல்லாங்குழலும் நாதசுரமும் நாம் நன்கறிந்த துளைக்கருவிகள். மேனாட்டார் இத்தகைய கருவிகள் பலவற்றை ஒன்றுசேர்த்து அமைத்த குழுவையே நாம் பேண்டு வாத்தியம் என்கிறோம்.

காவலரும் படைவீரரும் அணிவகுப்பில் பேண்டு வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். பகலெல்லாம் ஆலையிலும் சுரங்கத்திலும் பாடுபட்ட தொழிலாளர், மாலையில் கூடிக் கூலி எதுவும் பெறாமல் வளர்த்த குழுக்களும் உண்டு. இங்கிலாந்தின் பித்தளைக்குழல் குழுக்களே அவை. உழைக்கும் மக்களாகிய நாம் அவற்றின் வரலாற்றை அறிவது நன்று.

கருவி ஒலிக்கும் முறை

பித்தளைக் குழலில் வெறுமனே ஊதினால் காற்றுத்தான் வெளிவரும். உதடுகளை இறுக்கி, ஊதுவாயில் பொருத்தி, அவை அதிருமாறு ஊதவேண்டும். அவ்வதிர்வு குழலினுள் உள்ள காற்றையும் அதிரச் செய்ய, இசை பிறக்கிறது. குழல் நீண்டால் சுரம் தாழும், குறுகினால் உயரும்.

பழைய கொம்புகளில் ஒரு சில சுரங்களே எழுந்தன. 1818ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வால்வு என்னும் அமைப்புக்குக் காப்புரிமை பெறப்பட்டது. வால்வை அழுத்தினால் காற்று கூடுதலான ஒரு குழாய் வழியே சுற்றிச் செல்லும். அதனால் சுரம் தாழும். முதல் வால்வு ஒரு சுரப்படியும், இரண்டாவது அரைப்படியும், மூன்றாவது ஒன்றரைப் படியும் தாழ்த்தும். இவற்றைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தி, உதட்டின் இறுக்கத்தையும் மாற்றினால் எல்லாச் சுரங்களையும் எழுப்பலாம். மூன்று விரல்களே போதுமாதலால், உழைத்துக் காய்த்த கைகளுக்கும் இக்கலை கைவந்தது.

குழுவின் அமைப்பு

இக்குழுவில் பித்தளைக் கருவி வாசிப்போர் 25 பேர். கார்னெட் 10, ஃபுளூகல் ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிடோன் 2, யூஃபோனியம் 2, டிரம்போன் 3, பேஸ் குழல் 4 என்பது கணக்கு. இவர்களோடு தாளக்கருவியாளர் சிலரும் சேர்வர்.

இதில் வியக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. வால்வுக் கருவிகள் அனைத்திற்கும் இசைக்குறிப்பும் விரலமைப்பும் ஒன்றே. ஆகவே, ஒருவர் வர இயலாதபோது மற்றொருவர் அவர் கருவியை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் குறிப்பைக் கற்கவேண்டியதில்லை; உதட்டையும் மூச்சையும் பழக்கிக்கொண்டால் போதும்.

ஆலையும் போட்டியும்

யார்க்ஷயர் வட்டாரத்துக் குவீன்ஸ்பரி என்னும் ஊரில் பிளாக் டைக் நூற்பாலை இருந்தது. அதன் உரிமையாளர் ஜான் ஃபாஸ்டர் இளமையில் தாமே குழல் வாசித்தவர். 1855ஆம் ஆண்டில் அவர் ஆதரவு தந்து ஊர்க்குழுவைப் புதுப்பித்தார். அக்குழு இன்றும் உலகப் புகழோடு விளங்குகிறது.

1853ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரின் பெல் வியூ பூங்காவில் குழுக்களுக்கிடையே போட்டி தொடங்கியது. பெரும்போட்டிகளில் ஒவ்வொரு பிரிவிலும் எல்லாக் குழுக்களும் ஒரே இசைப் படைப்பையே வாசிக்கும். நடுவர்களோ மூடிய கூடாரத்தினுள் அமர்ந்திருப்பர். வாசிப்பது எந்த ஊர், எந்த ஆலை என்பது அவர்களுக்குத் தெரியாது. செவிக்கு எட்டிய இசை ஒன்றே தீர்ப்பை முடிவு செய்யும். செல்வமும் சிபாரிசும் அங்கே எடுபடா.

இத்தொழிலாளரின் திறமையை மதித்துப் பெரும் இசையறிஞர்களும் அவர்களுக்காக எழுதினர். தேசியப் போட்டிக்கென ஹோல்ஸ்ட் 1928இலும், எல்கர் 1930இலும் இசைப் படைப்புகளை ஆக்கித் தந்தனர்.

சுரங்கம் மூடியபோது

தென் யார்க்ஷயரில் உள்ள கிரைம்தோர்ப் என்னும் சிற்றூரின் வாழ்வே நிலக்கரிச் சுரங்கம்தான். அச்சுரங்கத் தொழிலாளரின் குழு 1917ஆம் ஆண்டில் தோன்றியது. 1992ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கிரைம்தோர்ப்பும் அவற்றுள் ஒன்று. ஊர் கலங்கி நின்ற அம்மாதத்திலேயே லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தேசியப் போட்டி நடந்தது. நாளை வேலை உண்டோ இல்லையோ என்ற கவலையைச் சுமந்து சென்ற அக்குழுவே முதற்பரிசை வென்றது!

1993இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் குழு கலையவில்லை. வெவ்வேறு தொழில் செய்வோர் அதில் இணைந்தனர். வெளியார் ஆதரவையும் தேடிப் பெற்றனர். இக்குழுவின் நிலையைத் தழுவி 1996ஆம் ஆண்டில் திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது. அதில் ஒலிக்கும் இசை இவர்கள் வாசித்ததே.

நாம் பெறும் பாடம்

அக்குழு நிலைத்ததற்குக் காரணம் என்ன? சுரங்கம் முதலாளிக்கு உரியது. கலையோ வாசித்தவர் நெஞ்சிலும் மூச்சிலும் இருந்தது. கதவை மூடுகிறவர் அதையும் சேர்த்து மூடிவிட முடியாது. தேர்ந்த பெரியவர்கள் வேலைக் களைப்பையும் பாராமல் ஒத்திகைக்கு வந்தனர். இளையவர் அவர்கள் அருகில் அமர்ந்து கற்றனர். இவ்விரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் கருவிகள் துருவேறிக் கிடந்திருக்கும்.

நம் தோட்டங்களிலும் பசனைக் குழுக்களும் நாடகக் குழுக்களும் தப்பு அடிக்கும் குழுக்களும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பல திசைகளுக்குப் பெயர்ந்தபோது அவற்றுள் பல மறைந்தன. தோட்டம் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. கலை நமக்கே சொந்தமானது. ஆகவே பெற்றோர்களே, மிருதங்கமோ, நாதசுரமோ, ஆர்மோனியமோ அறிந்தவர் உங்கள் வீட்டில் இருப்பின், வாரத்தில் ஒரு மாலையையாவது பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மாணவர்களே, தாத்தாவின் கையில் உள்ள தாளம் அவரோடு போய்விடாமல், இன்றே அருகில் அமர்ந்து கேட்டுப் பழகுங்கள்.

சிந்தனை வினாக்கள்

1. வால்வை அழுத்தும்போது சுரம் தாழ்வது ஏன்?
2. நடுவர்களைக் கூடாரத்தினுள் அமர்த்துவதன் பயன் யாது?
3. சுரங்கம் மூடிய பின்னும் கிரைம்தோர்ப் குழு வாழ்ந்தது எவ்வாறு?
4. உன் வீட்டிலோ உறவிலோ இசை அறிந்த பெரியவர் யார்? அவரிடம் நீ கற்க விரும்புவது என்ன?