ஏழைகளின் கடனும் பங்குச் சந்தையும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டர் ஃபீஸை அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினாங்க. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று படித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

பங்கு வெளியீடு எதற்கு?

நுண்கடன் நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதில்லை. பெரும்பாலும் வங்கியில் கடன் வாங்கித்தான் குழுக்களுக்குக் கொடுக்கிறது. சொந்த மூலதனம் இருந்தால்தான் வங்கி நம்பும். நம்ம மெக்கானிக்ஸ் பாடத்து நெம்புகோல் மாதிரிதான். சொந்தப் பணம் 15 ரூபாய், வங்கிக் கடன் 85 ரூபாய், ஆக 100 ரூபாயைச் சுற்றுக்கு விடலாம். அந்த 15 ரூபாயைப் பெருக்க ஒரு வழி, பொதுமக்களுக்குப் பங்கு விற்பது.

ஓர் உதாரணம்

விக்ரம் அகுலா தொண்டு நிறுவனமாக ஆரம்பித்து, பின்பு கம்பெனியாக மாறியது ஹைதராபாத் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ். 2010-ல் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 985 ரூபாய் விலையில் வெளியிட்டது. 13 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன.

பணம் யாருக்குப் போச்சு? விற்பனையான சுமார் 168 லட்சம் பங்குகளில் 74 லட்சம்தான் புதியவை. அந்தப் பணம் கம்பெனிக்கு வந்தது. மீதி 93 லட்சத்துக்கு மேல் பழைய பங்குதாரர்கள் விற்றவை. அந்தப் பணம் அவர்கள் பைக்கே போனது.

பிறகு நடந்தது

நுண்கடன் வசூலில் மிரட்டல், தற்கொலை என்று புகார்கள் எழுந்தன. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அங்கே தவணை வருவது ஏறக்குறைய நின்றே போச்சு. 2012-ல் அதே பங்கு 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ரிசர்வ் வங்கி 2011-ல் வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு வைத்தது. பிறகு அதை நீக்கியது. எஸ்.கே.எஸ். 2016-ல் பெயர் மாறி, 2019-ல் இண்டஸ்இண்ட் வங்கியோடு இணைந்தது.

முடிவுரை

பங்கு விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மூலதனம் இல்லாமல் கடன் இல்லை. ஆனால் பங்கு விலை ஏற வேண்டுமானால் கடன் வளர வேண்டும். வளர்ச்சிக்காக ஒரே வீட்டுக்கு மூன்று கடன் கொடுத்தால், ஆபத்து அந்த வீட்டுக்குத்தான்.

நாளை நாம் சம்பாதித்துப் பங்கு வாங்கும்போது, புதுப் பங்கு எவ்வளவு, பழையவர்கள் விற்பது எவ்வளவு என்று பார்ப்போம். இன்றைக்கே வீட்டுக் கடன் அட்டையையும் எடுத்துப் பார்ப்போம். வட்டி முழு அசலுக்கா, மீதி அசலுக்கா? வாரத் தவணையில் முழு அசலுக்கு 12 சதவீதம் என்றால், உண்மை வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் கணக்கு நமக்குத் தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக் கொடுப்போம்.