கடற்செலவும் கைப்பொதியும்

முன்னுரை

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. காரைக்குடியும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் இதற்குக் கண்கண்ட சான்றுகளாக விளங்குகின்றன. செக்காலையிலிருந்து நகரின் உட்தெருக்களுக்குள் நடந்து செல்வோர் காணும் பெருவீடுகளின் தூண்களும் கதவுகளும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கினால் ஆனவை. பிற்காலத்தில் 'ரஜூலா', 'சிதம்பரம்' ஆகிய கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்து சென்றன. அந்நாளில் கப்பலேறியவர் பிழைப்புத் தேடிச் சென்றார். இந்நாளிலோ இன்பச் சுற்றுலாவிற்கென்றே கப்பலேறும் வழக்கம் பெருகியுள்ளது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு முதல் நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே ஒரு பயணியர் கப்பல் ஓடத் தொடங்கியது. நம் மாவட்டத்தின் தலைநகரை நினைவூட்டும் வகையில் அதன் பெயர் 'சிவகங்கை' என்றமைந்தது.

வழிகள் பெருகும்போது இடர்களும் பெருகுதல் இயல்பு. தடைசெய்யப்பட்ட போதைப் பொருள்களைக் கடற்பயணத்தில் அறிந்து எடுத்துச் செல்வதாலும், அறியாமல் சுமந்து செல்வதாலும் நேரும் கேடுகளை இலக்கியம், சட்டம், நடைமுறை ஆகிய மூவழியிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் கடலோடி

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் சாதுவன் என்னும் வணிகனின் வரலாறு இடம் பெறுகிறது. கற்பிற் சிறந்த ஆதிரையின் கணவனாகிய இவன், கணிகையின் நட்பாலும் சூதாலும் கைப்பொருள் முழுவதையும் இழந்தான். இழந்ததை மீட்கும் பொருட்டு வணிகருடன் வங்கம் ஏறினான். நடுக்கடலில் கலம் உடைந்தது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையைச் சார்ந்தான். அவனைக் கொன்று உண்ண வந்த நாகர்கள், தம் மொழியை அவன் பேசக் கேட்டு வியந்து தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் அவனுக்கு நங்கை ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் அளிக்குமாறு பணித்தான். சாதுவன் அவற்றை ஏற்க மறுத்தான். மறுத்ததோடு அமையாது, மயக்கும் கள்ளையும் உயிர்க்கொலையையும் அறிவுடையோர் விலக்கியமைக்குரிய காரணத்தையும் எடுத்துரைத்தான்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஊரில் இருந்தபோது தவறிய சாதுவன், உற்றார் எவரும் காணாத அயல்நிலத்தில் உறுதியாக நின்றான். பயணம் என்பது மனிதனைக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிடும் இயல்புடையது. 'இங்கே நம்மை யார் அறிவார்?' என்னும் எண்ணமே முதற்சறுக்கல். அவ்வெண்ணத்தைச் சாத்தனார் தம் பாத்திரத்தின் வாயிலாக வென்று காட்டுகிறார். திருவள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் மதுவையும் சூதையும் ஒருசேர விலக்குகிறது. அறநூல்கள் அனைத்தும் இவ்வகையில் ஒரு குரலினவே.

உல்லாசக் கப்பலில் ஒரு சோதனை

2021 அக்டோபர் 2ஆம் நாள், மும்பையிலிருந்து கோவா நோக்கிப் புறப்படவிருந்த 'கார்டீலியா' உல்லாசக் கப்பல் தொடர்பாகப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பினர் சோதனை நடத்தினர். 13 கிராம் கொக்கைன், 5 கிராம் மெபெட்ரோன், 21 கிராம் சரஸ், 22 எம்.டி.எம்.ஏ. மாத்திரைகள் ஆகியவை கைப்பற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இருபதின்மர் கைதாயினர். புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஒருவரின் மகனும் அவர்களுள் ஒருவர் ஆதலின், வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது.

அவ்விளைஞரிடம் போதைப் பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. எனினும் மும்பை உயர்நீதிமன்றம் அக்டோபர் 28ஆம் நாள் பிணை வழங்கும்வரை அவர் காவலிலும் சிறையிலும் இருக்க நேர்ந்தது. 2022 மே மாதம் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பதினால்வர் பெயரே இடம் பெற்றது. அந்நடிகரின் மகன் உள்ளிட்ட அறுவர் மீது போதிய சான்று இல்லையெனக் கூறி விடுவிக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. சிலர் கொண்டுவரும் சிறு பொட்டலம், உடன் செல்லும் பலரையும் வழக்கிற்குள் இழுத்துவிடும் என்பது ஒன்று. குற்றமற்றவர் என்று பின்னர் விடுவிக்கப்பட்டாலும், சிறையில் கழிந்த நாள்களும் இழந்த நற்பெயரும் மீள்வதில்லை என்பது மற்றொன்று. செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பத்திற்கே இந்நிலை எனில், எளிய குடும்பத்துப் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

கடலுக்குச் சட்டம் உண்டா?

கரையை விட்டு விலகிய கப்பலில் எந்த நாட்டுச் சட்டமும் செல்லாது என்று சிலர் எண்ணுகின்றனர். இது பிழைபட்ட கருத்தாகும். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள பரப்பைக் கரையோர நாட்டின் ஆட்சிக்கு உட்படுத்துகிறது. அப்பரப்பைக் கடந்து செல்லும் அயல்நாட்டுக் கப்பலில் நிகழும் குற்றங்களில் கரையோர நாடு பொதுவாகத் தலையிடுவதில்லை. ஆயினும் போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பதற்குத் தலையிடலாம் என அவ்வுடன்படிக்கை வெளிப்படையாகவே இடம் தருகிறது. ஆழ்கடலிலோ எந்த நாட்டின் கொடியைக் கப்பல் தாங்கியுள்ளதோ அந்நாட்டின் சட்டம் செல்லும். கப்பல் துறைமுகத்தை அடைந்தால் அந்நாட்டின் சட்டமே சட்டம்.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், அயல்நாட்டிலுள்ள இந்தியக் குடிமக்களுக்கும், இந்தியாவில் பதிவான கப்பல்கள் எங்கிருப்பினும் அவற்றில் உள்ளோர்க்கும் பொருந்தும். ஆகவே ஒரே பயணத்தில் ஒருவர் மூன்று நான்கு நாடுகளின் சட்டங்களுக்கு அடுத்தடுத்து உட்படுகிறார் எனலாம்.

சான்று ஒன்று காண்போம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்கள் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய துறைகளைத் தொட்டுத் திரும்புவதுண்டு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என வரையறுத்தது. அங்குக் கடையில் வாங்கியதுதானே என்று ஒருவர் அதனைப் பையில் இட்டுக் கப்பலேறினால், பினாங்கில் இறங்கும்போதும் சிங்கப்பூரில் இறங்கும்போதும் அவர் குற்றவாளியே ஆவார். ஓரிடத்து ரசீது வேறோரிடத்தில் காப்பாகாது.

அளவும் தண்டனையும்

இந்தியச் சட்டம் போதைப் பொருள்களைச் சிறிய அளவு, வணிக அளவு, இரண்டிற்கும் இடைப்பட்ட அளவு என மூவகைப்படுத்துகிறது. ஹெராயினுக்குச் சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். கொக்கைனுக்கு 2 கிராமும் 100 கிராமும். கஞ்சாவுக்கு 1 கிலோவும் 20 கிலோவும். எம்.டி.எம்.ஏ. என்னும் மாத்திரைப் பொருளுக்கோ அரை கிராமும் 10 கிராமும். சிறிய அளவிற்கு ஓராண்டு வரையும், இடைப்பட்ட அளவிற்குப் பத்தாண்டு வரையும் கடுங்காவல் உண்டு. வணிக அளவாயின் பத்தாண்டிற்குக் குறையாமலும் இருபதாண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கப்படும்; பிணை பெறுதலும் மிக அரிதாகும். மும்பை வழக்கில் குறிப்பிடப்பட்ட 13 கிராம் கொக்கைன் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையின் எடையே. அவ்வளவு ஒருவர் கையில் இருப்பினும் பத்தாண்டு வரை சிறை செல்லச் சட்டத்தில் இடமுண்டு.

சிங்கப்பூரின் சட்டம் இதனினும் கடியது. 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினையோ 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவையோ கடத்துவோர்க்கு மரண தண்டனை உண்டு. 2009 ஏப்ரலில் 42.72 கிராம் ஹெராயினுடன் மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டார். அறிவுத்திறன் குறைந்தவர் என்று அவர் பொருட்டு உலகெங்கிலுமிருந்து கருணை வேண்டப்பட்டது. எனினும் 2022 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மலேசியா 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையை ஒழித்தது. ஆயினும் நீதிபதி விரும்பின் அத்தண்டனையை விதிக்க இன்னும் இடமுண்டு.

நம் மண்ணின் மைந்தர் இருவேறு கடல்களில் இத்தகைய தீர்ப்பைக் கேட்க நேர்ந்ததும் உண்டு. 2011இல் கைதான தங்கச்சிமடம் மீனவர் ஐவருக்கு, ஹெராயின் கடத்தியதாகக் கூறிக் கொழும்பு உயர்நீதிமன்றம் 2014 அக்டோபர் 30ஆம் நாள் மரண தண்டனை விதித்தது. தாம் குற்றமற்றவர் என்றே அவர்கள் கூறினர். அதே ஆண்டு நவம்பரில் இலங்கைக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பால் அவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பினர். 2024 ஜூலையில் இந்தோனேசியக் கடற்பரப்பில் ஒரு சரக்குக் கப்பலில் 106 கிலோ மெத்தம்பெட்டமின் கைப்பற்றப்பட்ட வழக்கில், தமிழகத்தைச் சேர்ந்த மூவருக்கு 2025 ஏப்ரலில் முதல்நிலை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

அறியாமல் சுமந்தோர்

'நான் அறியேன்' என்னும் விடை நீதிமன்றத்தில் எளிதில் ஏற்கப்படுமா என்பது அடுத்த வினா. பிற குற்றங்களில், குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை அரசுத் தரப்பினது. போதைப்பொருள் வழக்கிலோ பொருள் ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என்று சட்டம் ஊகித்துக் கொள்கிறது. அறியாமையை நிறுவும் பாரம் சுமந்தவர் மேலேயே விழுகிறது. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய மூன்று நாடுகளின் சட்டங்களிலும் இவ்வூகம் இடம் பெற்றுள்ளது.

இதன் கொடுமையை ஒரு நிகழ்ச்சி விளக்கும். 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளந்தம்பதியர் கத்தார் சென்றனர். கணவரின் உறவினராகிய மூத்த பெண்மணி அப்பயணத்தையே பரிசாக ஏற்பாடு செய்து, ஒரு பொதியையும் கொடுத்தனுப்பினார். தோகா விமான நிலையத்தில் அதனுள் நான்கு கிலோவிற்கு மேற்பட்ட கஞ்சாப் பிசின் இருப்பது கண்டறியப்பட்டது. இருவருக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கருவுற்றிருந்த மனைவி சிறையிலேயே பெண் மகவை ஈன்றார். ஏமாற்றப்பட்டமை இந்தியாவில் நடந்த புலனாய்வால் வெளிப்பட்ட பின்னர், 2021இல் கத்தார் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உறவின் பெயரால் கைமாறிய ஒரு பொதி, ஏறத்தாழ ஈராண்டு வாழ்வை விழுங்கிற்று.

அமானிதமும் தெளிதலும்

பயணம் செல்வோரிடம் பொதி கொடுத்தனுப்புதல் நம்மிடையே நெடுநாளாக நிலவும் வழக்கம். மகனுக்கு ஊறுகாய், மருமகனுக்குக் கைலி, பேரனுக்கு முறுக்கு என்று அன்பே பொதியாகிக் கடல் கடக்கிறது. 'இதைக்கூடக் கொண்டுபோக மாட்டாயா?' என்று கேட்பவரிடம் மறுத்துரைப்பது எளிதன்று. ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்ப்பித்தல் அமானிதம் எனப் போற்றப்படும் அறம் ஆதலின், மறுப்பது அறப்பிழையோ என்ற தயக்கமும் எழுகிறது.

இத்தயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். அமானிதம் என்பது இன்னதென அறிந்து ஏற்கும் பொறுப்பு. உள்ளே இருப்பதை மறைத்துக் கொடுப்பவர் நம்பிக்கையை ஒப்படைக்கவில்லை, அதனைத் திருடுகிறார். திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று தனி அதிகாரம் அமைத்து, ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்ப வேண்டும் என வலியுறுத்துகிறார். ஆதலால் பொதியைத் திறந்து காட்டச் சொல்லுதல் உறவை இழிவுபடுத்துவதாகாது. ஊர்ப்பெரியோர் தாமே முன்வந்து, கொடுத்தனுப்பும் பொருளைப் பயணியின் முன்னிலையில் கட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைப்பாராயின் இளையோரின் தயக்கம் நீங்கும்.

மருந்தும் கசகசாவும்

போதைப்பொருள் என்றதும் கஞ்சாவையும் ஹெராயினையும் மட்டுமே நினைத்தல் போதாது. வலி நீக்கும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, உறக்கத்திற்குரிய அல்பிரசோலம் ஆகியவை பல நாடுகளில் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டு, தேவையான அளவு மட்டும், மருந்தகத்தின் மூல உறை ஆகிய மூன்றும் உடனிருத்தல் வேண்டும். சில நாடுகளில் முன்அனுமதியும் தேவை.

செட்டிநாட்டுக் குருமாவிற்குக் கசகசா இன்றியமையாதது. அபினிச் செடியின் விதையே கசகசா ஆகும். இந்தியாவில் அதனை விற்பதும் வாங்குவதும் குற்றமன்று. ஆனால் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருப்பினும் இடர் நேரலாம். மகளின் பெட்டியில் அன்போடு மசாலா வைக்கும் தாய்மார்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லுதல் படித்த பிள்ளைகளின் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கடலில் சட்டம் இல்லை என்பது மயக்கம் என்பதும், அளவு சிறிதாயினும் தண்டனை பெரிது என்பதும், அறியாமை எளிதில் காப்பாகாது என்பதும் பெறப்படுகின்றன. மாணவர்கள் தம் பெட்டியைத் தாமே அடுக்குதல் வேண்டும். பிறர் பெட்டியைத் தமதென்று சொல்லாதிருத்தல் வேண்டும். உடன் வருவோர் தடைசெய்யப்பட்ட பொருள் வைத்திருப்பதை அறிந்தால் புறப்படும் முன்னரே விலகுதல் வேண்டும்.

பழக்கத்திற்கு ஆளாகிவிட்டவரை வெறுத்தொதுக்குதல் நம் நெறியன்று. மேற்கூறிய 1985ஆம் ஆண்டுச் சட்டமே, தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டோர்க்குச் சிறிய அளவு தொடர்பான வழக்குகளில் விலக்களிக்க இடம் தந்துள்ளது. 14446 என்னும் தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி அறிவுரை பெறலாம். தவறிய சாதுவனும் திருந்தி, வேறொரு வணிகனின் கலம் ஏறி ஆதிரையிடம் மீண்டான் என்றே சாத்தனார் பாடியுள்ளார். கப்பலேறும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சென்ற வழியே நலமாகத் திரும்புதல் வேண்டும். அதற்குரிய விழிப்பு, பெட்டி கட்டும் நாளிலேயே வீட்டில் தொடங்குவதாக.