மருந்தின் விலையும் நம் கடமையும்

உணவுப் பொருளின் விலை ஏறினால் செலவைச் சுருக்கிச் சமாளிக்கிறோம். மருந்தில் அவ்வாறு செய்ய இயலாது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு ஆகிய நோய்களுக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டியவர், செலவுக்கு அஞ்சி அதனைப் பாதியாக்கினால் நாளடைவில் சிறுநீரகமும் இருதயமும் கெட நேரிடும். ஆகவேதான் மருந்து விலையில் அரசாங்கம் தலையிடுகிறது.

புதிய மருந்தின் விலை ஏன் மிகுதியாக உள்ளது? அதனைக் கண்டுபிடித்த நிறுவனத்திற்குச் சட்டம் காப்புரிமை வழங்குகிறது. விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகள் வரை அந்நிறுவனத்தின் அனுமதியின்றிப் பிறர் அதனைத் தயாரித்து விற்க இயலாது. போட்டியில்லாத இடத்தில் விலை உயர்வது இயல்பே. எனினும், மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, பொதுநலன் கருதி அத்தடையை நீக்க அரசாங்கத்திற்கு அதிகாரம் அளிக்கிறது.

இவ்வதிகாரம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2003இல் எய்ட்ஸ் நோய்க்கான மலிவு மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகளுக்கென இந்தியாவிலிருந்து தருவிக்க அனுமதி வழங்கப்பட்டது. 2017 செப்டம்பரில், ஹெப்பாடைட்டிஸ் 'சி' என்னும் கல்லீரல் நோய்க்குரிய சோபோஸ்புவிர் மருந்துக்கும் இதே வழி பின்பற்றப்பட்டது. 2013இல் அம்மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபொழுது, 12 வாரங்களுக்குரிய 84 மாத்திரைகளின் விலை 84,000 டாலர். மலேசியாவிலோ துணை மருந்தையும் சேர்த்து 12 வாரச் சிகிச்சைக்குரிய மருந்துச் செலவு ஏறத்தாழ 300 டாலராகக் குறைந்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு இச்சிகிச்சை இலவசமாக வழங்கப்பட்டது.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையை மக்கள் காணும்படி வைக்க வேண்டும் என்னும் ஆணை நடப்புக்கு வந்தது. இவ்வாணை விலையை நிர்ணயிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பையே தருகிறது. அதனைப் பயன்படுத்துவது நம் பொறுப்பாகும்.

ஒப்பிடுவதற்கு மருந்தின் உண்மைப் பெயர் தெரிதல் வேண்டும். 'நோர்வாஸ்க்' என்பது வணிகப் பெயர். அதிலுள்ள மருந்து அம்லோடிபின். காப்புரிமை முடிந்தபின் பல நிறுவனங்கள் அதே மருந்தைக் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்றவற்றின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் காணப்படும். நிறமும் வடிவமும் மாறியதனாலேயே மருந்து மட்டமாகிவிடாது. ஆனால், ஒரே மருந்தைப் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் சேர்த்து உட்கொள்வது ஆபத்தாகும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. நம் மருந்துகளின் உண்மைப் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுதல்.

2. தனியார் கிளினிக்கில் விலையைக் கேட்டறிதல். தேவையாயின் மருந்துச் சீட்டைப் பெற்று மருந்தகத்தில் வாங்குதல்.

3. மருந்து மாறியிருப்பின், மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ விளக்கம் கேட்டல், தாமாக நிறுத்தாதிருத்தல்.

கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. விலை குறைந்த மருந்தும் ஒழுங்காக உட்கொண்டால்தான் பயன் தரும்.