சர்வரில் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு

ஜாவாவில் பல ஆண்டு அனுபவமுள்ள நம் பிள்ளைகள் இணையச் சேவை எழுத வந்தால், முதலில் சர்வ்லெட்டில் ஒன்றைக் காட்டிவிடுகிறோம். சர்வர் வழக்கமாக ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே ஆப்ஜெக்டைத்தான் உருவாக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தாலும் நூறு திரெட்களும் அதற்குள்தான் ஓடும். விண்ணப்பதாரரின் விவரத்தை அந்த ஆப்ஜெக்டின் மாறியில் வைத்தால், ஒரு குடும்பத்தின் நோய் விவரம் அடுத்த வீட்டார் திரையில் தெரிந்துவிடலாம். அமானிதமாகத் தந்த விவரம் அல்லவா!

மெத்தடுக்குள்ளேயே மாறியை அறிவித்தால் ஒவ்வொரு திரெட்டுக்கும் அது தனி. தனி ஆளாகச் சோதித்தால் இந்தப் பிழை பிடிபடாது (ஒருவர் மட்டும் இயக்கும் மென்பொருளிலேயே பழகிய கை இங்கேதான் ஏமாறும்). விவரத்தை வாங்கியபின் பத்து விநாடி நிற்கும்படி எழுதி, இரண்டு கணினிகளிலிருந்து வெவ்வேறு பெயர்களை அடுத்தடுத்து அனுப்பிப் பாருங்கள்.