கல்லூரி செல்லும் அக்காவுக்கு ஓர் அச்சுப்பொறி

முன்னுரை

கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்று நம் இல்லங்களில் தயாராகிறது. அதில் இப்பொழுதெல்லாம் அச்சுப்பொறியும் இடம்பெறுகிறது. கடையிலும் வீட்டிலும் நாம் அதைப் பிரிண்டர் என்றே சொல்கிறோம். பாடக் குறிப்புகள், கட்டுரைகள், விண்ணப்பங்கள், தேர்வு நுழைவுச் சீட்டு, இறுதியாண்டுத் திட்ட அறிக்கை என்று கல்லூரி மாணவி அச்சிட வேண்டியவை பல. ஆயினும் குறைந்த செலவில் எதை வாங்குவது? வாங்கத்தான் வேண்டுமா? இவ்வினாக்களைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் கணித ஆசிரியையின் துணையுடன் ஆராய்ந்தோம். அதன் பயனை இங்குத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் தருகிறோம்.

அச்சு வந்த வழி

அச்சுக்கலை தமிழுக்குப் புதியதன்று. 1578-ஆம் ஆண்டிலேயே இயேசு சபைத் துறவி அன்றிக்கு அடிகளாரின் முயற்சியால் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. அன்று ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் வார்த்துக் கோத்தார்கள். இன்று வீட்டு மேசையில் இருக்கும் பிரிண்டரில் எழுத்து அச்சே இல்லை. மையும் மின்சாரமும் அவ்வேலையைச் செய்கின்றன.

சீப்பால் தலை வாரி, அதனைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் அவை ஓடி வந்து ஒட்டிக்கொள்வதை நாம் அறிவோம். இந்த நிலைமின்சாரமே லேசர் பிரிண்டரின் அடிப்படை. செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் 1938-இல் இதனைக் கொண்டு முதல் நகலை எடுத்தார். நாம் ஜெராக்ஸ் என்று வழங்குவது அதன் வழி வந்ததே. 1969-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர், நகல் இயந்திரத்தில் லேசர் ஒளியைக் கொண்டு எழுதலாம் என்று கண்டு லேசர் பிரிண்டருக்கு வித்திட்டார்.

மை தெளிக்கும் பிரிண்டரின் வரலாறு வேறு. 1977-இல் ஜப்பானின் கானன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்னும் ஆய்வாளரின் சூடான பற்றவைப்புக் கோல், மை நிரம்பிய ஊசியொன்றில் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. வெப்பத்தால் குமிழி உண்டாகி மையைத் தள்ளும் இம்முறையே இன்று பல பிரிண்டர்களில் உள்ளது.

மூவகைப் பிரிண்டர்கள்

கடையில் நாம் காண்பவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, காட்ரிட்ஜ் பிரிண்டர். சிறு பெட்டிக்குள் அடைத்த மை தீர்ந்ததும் பெட்டியையே மாற்ற வேண்டும். இயந்திரத்தின் விலை மிகக் குறைவு. ஆனால் மைப்பெட்டியின் ஆயுளும் குறைவு. சான்றாக, ஹெச்.பி. 680 கறுப்புக் காட்ரிட்ஜ் ஏறத்தாழ 480 பக்கங்களுக்கு வரும்.

இரண்டாவது, இங்க் டேங்க் பிரிண்டர். இதில் மைத்தொட்டி உண்டு. புட்டியிலிருந்து மையை நாமே ஊற்றலாம். எப்சன் நிறுவனம் 2010-இல் இந்தோனேசியாவில் இவ்வகையை முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது. இயந்திரத்தின் விலை அதிகம், மையின் விலை சொற்பம். எப்சன் 003 கறுப்புப் புட்டி ஒன்று ஏறத்தாழ 4,500 பக்கங்களுக்கு வரும்.

மூன்றாவது, லேசர் பிரிண்டர். இதில் திரவ மை இல்லை. டோனர் என்னும் நுண்பொடி நிலைமின்சாரத்தால் ஈர்க்கப்பட்டு, வெப்பத்தால் தாளில் உருகி ஒட்டுகிறது. ஹெச்.பி. 12ஏ டோனர் ஏறத்தாழ 2,000 பக்கங்களுக்கு வரும். பொடி உலர்ந்துபோகாது என்பது இதன் சிறப்பு. ஆனால் விலை குறைந்தவற்றில் வண்ணம் வராது. அச்சிடும்போது நூற்றுக்கணக்கான வாட் மின்சாரம் இழுப்பதால் சிறிய யு.பி.எஸ். கருவியில் இதனை இணைத்தல் கூடாது.

ஒன்றை இங்கே மறவாதிருப்போம். பெட்டியில் குறிக்கும் பக்க எண்ணிக்கை, பக்கத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு இடமே மை படியும் சாதாரண எழுத்துப் பக்கத்துக்கு உரியது. படங்கள் நிறைந்த அறிக்கைக்கு அது பொருந்தாது.

கணக்குப் பார்ப்போம்

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது பழமொழி. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் தீபாவளிச் சீட்டுப் பணத்தைக் கொண்டு அக்காவுக்கு விலை குறைந்த காட்ரிட்ஜ் பிரிண்டர் ஒன்று வாங்கினார்கள். அடுத்த தீபாவளிக்குள் மை வாங்கிய இரசீதுகளைக் கூட்டியபோது, தொகை இயந்திரத்தின் விலையை எட்டிவிட்டது. பின்னர் அதன்மேல் துணி போர்த்தி வைத்துவிட்டு, அக்கா பழையபடி ஜெராக்ஸ் கடைக்கே போனாள். அந்த இரசீதுகளே எங்கள் ஆராய்ச்சிக்குக் காரணம்.

மொத்தச் செலவு என்பது இயந்திரத்தின் விலையோடு, பக்க எண்ணிக்கையைப் பக்கச் செலவால் பெருக்கி வருவதைக் கூட்டியது. வகுப்பில் நாம் படித்த நேர்கோட்டுச் சமன்பாடு இதுவே. இயந்திரத்தின் விலை, கோடு புறப்படும் உயரம். பக்கச் செலவு, கோட்டின் சாய்வு. விலைகள் ஊருக்கு ஊர் மாறுமாதலால், கணக்கிட எளிதான எண்களை வைத்துக்கொள்வோம்.

தாள்: 500 தாள் கொண்ட கட்டு 300 ரூபாய். ஒரு தாளுக்கு 60 காசு.

காட்ரிட்ஜ் பிரிண்டர்: விலை 4,000 ரூபாய். மைப்பெட்டி 960 ரூபாய், 480 பக்கம். மைக்கு 2 ரூபாய், தாளோடு பக்கத்துக்கு 2 ரூபாய் 60 காசு.

இங்க் டேங்க் பிரிண்டர்: விலை 12,000 ரூபாய். புட்டி 450 ரூபாய், 4,500 பக்கம். மைக்கு 10 காசு, தாளோடு 70 காசு.

ஜெராக்ஸ் கடை: முதலீடு இல்லை. தாளோடு பக்கத்துக்கு 3 ரூபாய்.

இனி மூன்றையும் ஒப்பிடுவோம்.

1,000 பக்கம்: கடையில் 3,000 ரூபாய், காட்ரிட்ஜ் 6,600 ரூபாய், இங்க் டேங்க் 12,700 ரூபாய்.

3,000 பக்கம்: கடையில் 9,000 ரூபாய், காட்ரிட்ஜ் 11,800 ரூபாய், இங்க் டேங்க் 14,100 ரூபாய்.

6,000 பக்கம்: கடையில் 18,000 ரூபாய், காட்ரிட்ஜ் 19,600 ரூபாய், இங்க் டேங்க் 16,200 ரூபாய்.

வரைபடத் தாளில் இக்கோடுகளை வரைந்தபோது நாங்கள் வியப்புற்றோம். கடையில் மிக மலிவாகத் தோன்றிய காட்ரிட்ஜ் பிரிண்டர் எந்த இடத்திலும் மிகக் குறைந்த செலவாக வரவில்லை! கடைக்கோடும் இங்க் டேங்க் கோடும் ஏறத்தாழ 5,217 பக்கத்தில் சந்திக்கின்றன. மூன்றாண்டுப் படிப்புக்கு அது மாதம் 145 பக்கம், நாளுக்கு ஏறத்தாழ 5 பக்கம். அதற்குக் குறைவாக அச்சிடுபவர்க்கு ஜெராக்ஸ் கடையே சிக்கனம்.

மாதம் 20 பக்கம் அச்சிடும் மாணவி மூன்றாண்டில் 720 பக்கம் அச்சிடுவாள். இறுதியாண்டு அறிக்கை 80 பக்கம், மூன்று பிரதி என்றால் இன்னும் 240. ஆக 960 பக்கத்துக்குக் கடையில் 2,880 ரூபாய். எந்தப் பிரிண்டரின் விலையும் இதைவிட அதிகம்.

கடையில் பக்கத்துக்கு 5 ரூபாய் வாங்கும் ஊராயின் விடை மாறும். அப்பொழுது ஏறத்தாழ 1,667 பக்கம் வரை கடையும், அதற்குமேல் 4,210 பக்கம் வரை காட்ரிட்ஜும், அதற்கும் மேல் இங்க் டேங்க்கும் சிக்கனம். ஆனால் பல வாரம் உபயோகிக்காமல் விட்டால் மை உலர்ந்து துளைகள் அடைபடும். அடைப்பை நீக்கச் சுத்தம் செய்யும்போதும் மையே செலவாகும். இவ்வாறு பாதி மை வீணானால் காட்ரிட்ஜின் பக்கச் செலவு 4 ரூபாய் 60 காசாகிவிடும். அப்பொழுது மீண்டும் அது பின்தங்கிப் போகிறது. ஆகவே இங்க் டேங்க் ஆயினும் காட்ரிட்ஜ் ஆயினும் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுவது நல்லது. நீண்ட விடுமுறைக்கு மூடி வைப்பவர்க்கும், கறுப்பு எழுத்து மட்டும் ஏராளமாக வேண்டுபவர்க்கும் லேசர் ஏற்றது. அதிலும் டோனரின் விலையைப் பக்கத்தால் வகுத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

கணக்கில் வராதவை

ரூபாய்க் கணக்கு மட்டும் போதுமா என்று எங்கள் ஆசிரியை கேட்டார்கள். நாங்கள் யோசித்தோம். நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய கட்டுரை இரவு எட்டு மணிக்கு முடிகிறது. விடுதியின் வாயில் அடைத்தாயிற்று. வீட்டிலிருப்பவளையும் அந்நேரத்தில் கடைத்தெருவுக்கு அனுப்ப அம்மா சம்மதிப்பதில்லை. தம்பிக்கு இல்லாத இத்தடை அக்காவுக்கு உண்டு. இதன் விலை எந்த இரசீதிலும் எழுதப்படுவதில்லை.

மற்றொன்றும் உண்டு. கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பினால் நம் தொலைபேசி எண் அவரிடம் சேர்கிறது. ஆதார் அட்டையும் மதிப்பெண் பட்டியலும் கடைக் கணினியிலேயே தங்கிவிடக்கூடும். ஆகவே மின்னஞ்சலிலோ, பெற்றோர் எண்ணிலிருந்தோ அனுப்புக. அச்சானதும் நம் முன்னிலையிலேயே கோப்பை அழிக்கச் சொல்லுக. இவ்வாறு கேட்பதற்கு வெட்கம் வேண்டுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் எளிய வழி கூட்டுறவு. விடுதியில் நிர்வாகத்தின் அனுமதியோடு மூவர் சேர்ந்து ஓர் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினால் ஒருவர் பங்கு 4,000 ரூபாய், அதாவது தனியாக ஒரு காட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கும் தொகையே! பக்கத்துக்கு 3 ரூபாய்க் கடையோடு ஒப்பிட்டாலும் ஒவ்வொருவரும் மாதம் 49 பக்கம் அச்சிட்டால் நட்டமில்லை. அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, அவரவர் அச்சிட்ட பக்கங்களை அவரவரே எழுதிவர வேண்டும். வீட்டில் தம்பி தங்கைகளும் படிக்கிறார்கள் என்றால் இதே முறை அங்கும் பொருந்தும்.

கடையில் கேட்க வேண்டியவை

வாங்குவதென்று முடிவானால் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிக.

1. மையின் விலை என்ன? அது எத்தனை பக்கம் வரும்? இயந்திரத்தின் விலையைக் கேட்குமுன் இதனைக் கேட்க.
2. பெட்டியோடு தரும் மை முழு அளவா, குறைந்த அளவா?
3. வேறு மை ஊற்றினாலும் வேறு காட்ரிட்ஜ் போட்டாலும் இயந்திரம் ஏற்குமா? அதனால் உத்தரவாதம் பாதிக்குமா?
4. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அதற்குப் பக்க வரம்பு உண்டா?
5. பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரில் உண்டா?
6. தாளின் இருபுறமும் தானே அச்சிடுமா? இருந்தால் தாள் செலவு பாதியாகும்.
7. ஸ்கேன் செய்யும் வசதியும் தொலைபேசியிலிருந்து அச்சிடும் வசதியும் உண்டா?

முடிவுரை

அன்புத் தோழியரே! அடுத்த சில ஆண்டுகளில் நாமும் கல்லூரிப் படியேறுவோம். அப்பொழுது அப்பாவிடம், “விலை குறைந்த பிரிண்டர் ஒன்று வாங்கித் தாருங்கள்” என்று கேட்குமுன், ஒரு மாதம் ஜெராக்ஸ் கடைச் சீட்டுகளைச் சேர்த்துப் பக்கங்களை எண்ணிப் பார்ப்போம். அந்த எண்ணை 36-ஆல் பெருக்கி, நம் ஊர் விலைகளை இட்டு, வரைபடத் தாளில் மூன்று கோடுகள் வரைவோம். அன்றைய நம் தேவைக்கு எந்தக் கோடு தாழ்ந்து நிற்கிறதோ அதுவே மலிவு. அதற்கு மேலும் செலவிட வேண்டியிருந்தால், எதற்காகச் செலவிடுகிறோம் என்பதை அறிந்தே செலவிடுவோம். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் காக்க, பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்!

— பத்தாம் வகுப்பு மாணவி